காலிக் கஜானாவும் கவுன்சிலர் தேர்தலும்

நமது நாட்டில் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் என்று ஒன்று வந்துவிட்டால், ஒரே வாயிலிருந்து இரண்டு பேச்சு வருவது வழக்கமாகிவிட்டது. ஓட்டுக் கேட்டு வருகிறபோது "ரோடு போடுவோம், குழாய் வைப்போம், சாக்கடையைச் சரிசெய்வோம், விளக்குப் போடுவோம்" என்பது முதல் பேச்சு. ஜெயித்து நாற்காலியில் உட்கார்ந்த ஆறாவது மாதம் "என்ன செய்வது? கஜானாவில் காசில்லை" என்பது இரண்டாவது பேச்சு. முதல் பேச்சுக்குக் கை தட்டுகிறோம். இரண்டாவது பேச்சுக்குத் தலையை ஆட்டுகிறோம். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்பது மட்டும் நமக்குத் தோன்றுவதில்லை. அதாவது, "காசில்லை என்பது ஓட்டுக் கேட்க வந்த அன்றைக்கு உமக்குத் தெரியுமா, தெரியாதா?" என்பதேயாகும். தெரியாது என்றால் அவருக்கு அந்த வேலைக்கு யோக்கியதை இல்லை. தெரியும் என்றால் அவர் பொய் சொல்லி ஓட்டு வாங்கியிருக்கிறார். இந்த இரண்டைத் தவிர மூன்றாவது பதில் ஏதாவது இருந்தால் யாராவது சொல்லட்டும்.

தஞ்சாவூரையே எடுத்துக் கொள்வோம். தஞ்சையும் கும்பகோணமும் 1866-ம் வருஷத்திலேயே முனிசிபாலிடியான ஊர்கள். தஞ்சை 2014-ல் மாநகராட்சியாயிற்று. கும்பகோணம் 2021-ல் ஆயிற்று. ஊருக்குப் பெருமை என்று மாலை போட்டுக் கொண்டோம். ஆனால் பெயர்ப்பலகை பெரிதானதால் பணப்பெட்டி பெரிதாகிவிடாது. ஊர் பரந்தால் ரோட்டின் நீளம் கூடும், குழாயின் நீளம் கூடும், குப்பை கூடும், கொள்ளிடத்திலிருந்து தண்ணீர் ஏற்றுகிற மின்சாரச் செலவு கூடும். வரவு கூடியதா என்று கேட்டவர் எத்தனை பேர்?

இனி இந்தக் கஜானா காலியான கதையைக் கொஞ்சம் பார்ப்போம். 2011 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்ட சபைகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் 17, 19 தேதிகளில் புதிய தேர்தல் என்று நாள் குறித்தார்கள். இட ஒதுக்கீடு முறைப்படி செய்யப்படவில்லை என்ற வழக்கில், அக்டோபர் 4-ந்தேதி சென்னை ஹைகோர்ட்டு அந்தத் தேர்தல் அறிவிப்பை ரத்துச் செய்தது. தவறைத் திருத்தி, இரண்டொரு மாதத்தில் தேர்தலை நடத்தியிருக்கலாம். நடத்தினார்களா? இல்லை. தனி அதிகாரி என்று ஒருவரை உட்கார வைத்தார்கள். வார்டு பிரிப்பு என்றார்கள், ஜனத்தொகைக் கணக்கு என்றார்கள், வாய்தா மேல் வாய்தா வாங்கினார்கள். தஞ்சை ஜில்லாவின் கிராமங்களுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. நகரங்களுக்கோ 2022 பிப்ரவரி 19-ந்தேதிதான் வந்தது. ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் தேர்தல் நடந்தே தீரவேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-வது பிரிவு பச்சையாய்ச் சொல்லுகிறது. அந்தச் சட்டம் இருக்கும்போதே ஒரு முழு ஐந்து வருஷம் சபையே இல்லாமல் ஊர்கள் நடந்தன.

இதனால் நஷ்டம் என்ன என்று சிலர் கேட்கலாம். "கவுன்சிலர் இல்லாவிட்டால் என்ன? ஒருவேளை கொள்ளை குறைந்திருக்குமே!" என்று பரிகாசம் பேசுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு இரண்டு சங்கதி சொல்லுவோம்.

முதலாவது, பணம். தேர்ந்தெடுக்கப்பட்ட சபை இருந்தால்தான் மானியம் என்பது 14-வது நிதிக் குழுவின் நிபந்தனை. சபை இல்லாத காரணத்தைக் காட்டி மத்திய சர்க்கார் தமிழ்நாட்டுக்குரிய மானியத்தை நிறுத்தி வைத்தது. நாம் கட்டிய வரியில் நமக்கு வரவேண்டிய பங்கு, தேர்தல் நடத்தாத குற்றத்துக்காக டில்லியில் தங்கிவிட்டது. குற்றம் செய்தவர்கள் மந்திரி சபையில் இருந்தார்கள். அபராதம் கட்டியது தெருவில் இருந்தவர்கள்.

இரண்டாவது, 2018 நவம்பர் 16-ந்தேதி கஜா புயல் அடித்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கங்களில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. குடிசைகள் பறந்தன. அன்றைக்கு அந்தக் கிராமங்களில் பஞ்சாயத்துத் தலைவர் என்று ஒருவர் இல்லை. வார்டு மெம்பர் என்று ஒருவர் இல்லை. எந்த வீடு விழுந்தது, யார் பட்டினி, எந்தத் தெருவுக்கு அரிசி போகவில்லை என்று தெரிந்த மனிதர், ஊரார் சட்டையைப் பிடித்துக் கேட்கக்கூடிய மனிதர், அதிகாரத்தோடு ஒருவரும் இல்லை. சேரித் தெருவுக்கு நிவாரணம் கடைசியாய் வந்தால் அங்குள்ளவர்கள் யாரிடம் போய் முறையிடுவது? தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்பதுதான் கதி. பரிகாசம் பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

இது நிற்க. 2022 பிப்ரவரி தேர்தலுக்கு வருவோம். தஞ்சை மாநகராட்சிக்கு 51 வார்டு, கும்பகோணத்துக்கு 48 வார்டு. பிப்ரவரி 19-ந்தேதி ஓட்டு. 22-ந்தேதி எண்ணிக்கை. மார்ச் 2-ந்தேதி பதவிப் பிரமாணம். 4-ந்தேதி மேயர் தேர்தல். மேயரை நேராக ஜனங்களே தேர்ந்தெடுக்கிற முறை போய், கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிற முறை வந்திருந்தது. கும்பகோணத்தின் முதல் மேயராக ஆட்டோ ஓட்டிப் பிழைத்த கே. சரவணன் வந்தார். பரம்பரைப் பெரிய வீட்டுக்காரர்களின் நாற்காலியில் ஒரு தொழிலாளி உட்கார்ந்தது சந்தோஷப்பட வேண்டிய விஷயமே. சென்னையில் ஆதிதிராவிடப் பெண் ஒருவர் மேயரானதும் அப்படியே. ஆனால் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அதன் கீழிருக்கும் பெட்டி காலியாக இருந்தால் அவர் என்ன செய்ய முடியும் என்பதே நமது கேள்வி.

அந்தத் தேர்தல் முடிந்து சரியாக நாற்பத்தொரு நாள் கழித்து, ஏப்ரல் 1-ந்தேதி, சொத்துவரி உயர்வு அறிவிக்கப்பட்டது. சென்னை தவிர்ந்த ஊர்களில் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 25 விழுக்காடு. 1,200 வரை 50. 1,800 வரை 75. அதற்கு மேற்பட்ட வீட்டுக்கு 100 விழுக்காடு. ஊரெல்லாம் கூச்சல் எழுந்தது.

வரி உயர்வை நாம் எதிர்க்கிறோமா? இல்லை. சின்ன வீட்டுக்குக் கால் பங்கும் பெரிய வீட்டுக்கு ஒரு மடங்கும் கூட்டியது நியாயமான கணக்கென்றே சொல்லுவோம். 2008-க்குப் பிறகு நகரசபைகளில் நிலைத்து நின்ற உயர்வு கிடையாது. 2018-ல் உயர்த்தினார்கள், மறு வருஷமே நிறுத்தி வைத்தார்கள். இந்தப் பதினான்கு வருஷத்தில் டீசல் விலை நின்றதா? சிமெண்டு விலை நின்றதா? சம்பளம் நின்றதா? எல்லாம் ஏறும்போது வீட்டு வரி மட்டும் அப்படியே நின்றால், நகரசபை எதை வைத்து நடக்கும்? வரியை நிறுத்தி வைத்ததால் லாபம் அடைந்தவன் யார்? மூன்று மாடி வீட்டுக்காரனும், கடைத்தெருவில் பத்துக் கட்டிடம் வைத்திருப்பவனும் அல்லவா? வருஷத்துக்கு நானூறு ரூபாய் கட்டுகிறவனுக்கு மிச்சமானது நூறு ரூபாய். நாற்பதாயிரம் கட்ட வேண்டியவனுக்கு மிச்சமானது நாற்பதாயிரம். ஏழைகளுக்காக வரியை ஏற்றவில்லை என்று மேடையில் பேசியதன் உள்ளர்த்தம் இதுதான்.

நமது ஆட்சேபனை வேறு. இந்த உயர்வு பிப்ரவரியில் தெரியாமல் ஏப்ரலில் திடீரென்று முளைத்ததா? மானியம் வேண்டுமானால் சொத்துவரிக்குக் குறைந்த அளவு நிர்ணயம் செய்தாக வேண்டும் என்று 15-வது நிதிக் குழு முன்பே நிபந்தனை போட்டிருந்தது. அது ஆளுங்கட்சிக்கும் தெரியும், எதிர்க்கட்சிக்கும் தெரியும். ஆனால் தஞ்சையின் 51 வார்டிலும் ஓட்டுக் கேட்டவர்களில் எத்தனை பேர், "ஐயா, அம்மா, நகரசபை கடனில் இருக்கிறது, வரியை உயர்த்தத்தான் வேண்டும், உயர்த்தினால் இன்னின்ன வேலை செய்வேன்" என்று பேசினார்கள்? அப்படிப் பேசினால் ஓட்டு விழாது என்று பயம். உண்மை பேசினால் ஓட்டு விழாது என்ற நிலைமைக்கு அபேட்சகர்கள் மட்டுமா பொறுப்பு? ஓட்டர்களாகிய நாமும் பொறுப்பல்லவா?

இப்போது ஓட்டு விலைக்கு வருவோம். இந்த விஷயத்தில் தஞ்சாவூருக்கு ஒரு தனிப் பெயர் உண்டு. 2016 மே மாதச் சட்டசபைத் தேர்தலில், பணப் பட்டுவாடா காரணமாக, தஞ்சாவூர் தொகுதியிலும் அரவக்குறிச்சித் தொகுதியிலும் தேர்தலே ரத்துச் செய்யப்பட்டது. நவம்பர் 19-ந்தேதிதான் மறுபடி ஓட்டு நடந்தது. பெரிய கோயிலுக்கும் தலையாட்டிப் பொம்மைக்கும் பெயர் வாங்கிய ஊர், பணம் வாங்கித் தலையாட்டுகிற ஊர் என்றும் பெயர் வாங்கிக் கொண்டது. பணத்தைக் கொடுத்துவிட்டு, பாலின் மேலும் விளக்கின் மேலும் கைவைத்துச் சத்தியம் வாங்குகிற பித்தலாட்டமும் நமது பக்கத்தில் நடப்பதுதானே? கொடுக்கிறவனுக்குச் சட்ட பயமில்லை. வாங்குகிறவனுக்குச் சாமி பயம்!

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு ஓட்டுக்கு ஐந்நூறு ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஐந்து வருஷத்துக்கு 1,825 நாள். வகுத்துப் பாருங்கள், நாளைக்கு 27 காசு. ஒரு டீக்கூடக் கிடைக்காத காசுக்கு, ஐந்து வருஷத் தண்ணீரையும், வெளிச்சத்தையும், பிள்ளைகள் நடக்கிற தெருவையும் விற்கிறோம்.

அடுத்த பக்கத்துக் கணக்கையும் பாருங்கள். 2023 ஜூலை முதல் மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாத மதிப்பூதியம் ரூ. 10,000. ஐந்து வருஷம் முழுவதும் வாங்கினாலும் ஆறு லட்சம். 2022 தேர்தலில் ஒரு வேட்பாளர் செலவு செய்யச் சட்டம் அனுமதித்தது ஒரு லட்சத்துக்கும் குறைவு. ஒருவர் இருபது லட்சம் செலவழித்து ஜெயித்தார் என்றால், ஆறு லட்சம் போக மீதிப் பதினாலு லட்சம் எங்கிருந்து வரும்? அவர் என்ன தர்ம சத்திரமா கட்டினார்? அந்தப் பணம் ரோட்டுக் கண்டிராக்டில் வரும். அதனால் மூன்று அங்குலம் போட வேண்டிய தார் ஒன்றரை அங்குலமாகும். வீட்டு பிளானுக்குக் கையெழுத்தில் வரும். குழாய் இணைப்பில் வரும். மார்க்கெட் கடை ஏலத்தில் வரும். ஏலம் எடுத்தவர் ஒருவர், கடை நடத்துகிறவர் இன்னொருவர், நடுவில் உள்வாடகை தின்கிறவர் மூன்றாமவர். நகரசபைக்கு வருவது பழைய வாடகை, அதுவும் பாக்கி. இப்படிப் பத்து ஓட்டை இருக்கிற பானையில் எவ்வளவு வரி ஊற்றினால்தான் என்ன? ஆகவே கஜானா காலி என்பதும், ஓட்டு விலை போகிறது என்பதும் இரண்டு வியாதியல்ல. ஒரே வியாதிதான், முன்வாசலில் பார்த்தால் ஓட்டு விற்பனை, பின்வாசலில் பார்த்தால் காலிக் கஜானா.

மேலே இருப்பவர்கள் மேல் குற்றமில்லையா என்று கேட்டால், நிறைய உண்டு. 1992-ல் செய்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் நகரசபைகளுக்கு 18 வேலைகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்தது. பணம் கொடுத்ததா? மாநிலத்தின் சொந்த வரி வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் ஊராட்சி, நகராட்சி எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மத்திய சர்க்கார் கட்டிடங்களுக்கு நகரசபை சொத்துவரி போட முடியாது என்பது அரசியல் சட்டத்தின் 285-வது பிரிவு. பொது வழிபாட்டு இடங்களுக்கும், கோயிலானாலும் மசூதியானாலும் சர்ச்சானாலும், வரி கிடையாது. தஞ்சை அரண்மனை தேவஸ்தானத்தில் மட்டும் 88 கோயில்கள். உற்சவம் சாமிக்கு, உற்சவக் குப்பை நகரசபைக்கு!

பற்றாக்குறை என்று வந்தால் முதலில் யார் வயிற்றில் கை வைக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். 2022 அக்டோபரில் 152-ம் எண் அரசாணை ஒன்று வந்தது. சென்னை தவிர்ந்த மாநகராட்சிகளில் நிரந்தர உத்தியோகங்களைக் குறைத்து, துப்புரவு முதலிய வேலைகளைத் தனியார் கண்டிராக்டுக்கு விடுவதற்கு அது வழி செய்தது. சிக்கனம் என்றார்கள். துடைப்பம் பிடிக்கிற கை எந்த ஜாதியின் கை என்பது எல்லோருக்கும் தெரியும். தலைமுறை தலைமுறையாக அந்த வேலையை அவர்கள் தலையில் கட்டிவிட்டு, அதற்கொரு நிரந்தரச் சம்பளமும் பென்ஷனும் கிடைக்கிற காலம் வந்தபோது, "இனிமேல் கண்டிராக்டு" என்றால் இது சிக்கனமா, வர்ணாசிரமமா? ஊர் நாற்றத்தைச் சுமக்கிறவனே ஊர்க் கடனையும் சுமக்க வேண்டுமா?

இப்படிப்பட்ட சிக்கனம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இங்கிலாந்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. பர்மிங்ஹாம் பெரிய நகரசபை. 2023 செப்டம்பரில் அது, தன்னால் செலவைச் சமாளிக்க முடியவில்லை, அத்தியாவசியச் செலவு தவிர வேறு செய்வதற்கில்லை என்று அறிவித்துக் கையை விரித்தது. பெண் தொழிலாளர்களுக்கு ஆண்களுக்குச் சமமான ஊதியம் கொடுக்காமல் வருஷக்கணக்கில் விட்டு வைத்த பாக்கி, அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. எளியவர்கள் கூலியில் மிச்சம் பிடித்தது கடைசியில் மொத்த ஊரின் தலையில் விடிந்தது. வெள்ளைக்காரன் ஊரானாலும் கணக்குக் கணக்குத்தான்.

"ஸ்தல ஸ்தாபனத்தால் எதுவும் ஆகாது, எல்லாம் வெறும் பேச்சு" என்று சலித்துக் கொள்கிறவர்களுக்குத் தஞ்சையின் பழங்கதையையே ஞாபகப்படுத்துவோம். மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894-ல் ரயில் ஓடிற்றே, அது யார் போட்ட ரயில்? தஞ்சை ஜில்லா போர்டு போட்ட ரயில். மிராசுதார்களும் குடியானவர்களும் நிலவரியோடு சேர்த்துக் கட்டிய செஸ் பணத்தில் போட்ட ரயில். இன்னதற்கு வரி என்று சொன்னார்கள், கட்டினார்கள், ரயில் வந்தது. அதே ஜில்லா போர்டுக்கு 1924 முதல் 1930 வரை தலைவராக இருந்த சர். ஏ.டி. பன்னீர்செல்வம், பார்ப்பனரல்லாத பிள்ளைகள் படிக்கவும் தங்கவும் வழிசெய்தார். வடமொழிக்கே என்றிருந்த திருவையாற்றுக் கல்லூரியில் தமிழுக்கும் இடம் வாங்கினார். இராமநாதபுரம் ஜில்லா போர்டில் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், ஆதிதிராவிடர்களை ஏற்றாத பஸ்ஸுக்கு லைசென்ஸ் இல்லை என்று உத்தரவு போட்டார். இவையெல்லாம் ஓட்டுரிமை ஒரு சிலருக்கே இருந்த காலத்தில், வெள்ளைக்காரன் மேலே உட்கார்ந்திருந்த காலத்தில் நடந்த காரியங்கள். பதினெட்டு வயதான ஒவ்வொருவருக்கும் ஓட்டிருக்கிற இந்தக் காலத்தில் நம்மால் ஒரு சாக்கடையை மூட முடியவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாமா?

பக்கத்துக் கேரளத்தில் 1996 முதல் திட்டப் பணத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் பஞ்சாயத்துக்கும் நகரசபைக்கும் கொடுத்து, எதற்குச் செலவு செய்வதென்று ஊர்க் கூட்டத்திலேயே பேச வைத்தார்கள். பிரேசில் தேசத்துப் போர்த்தோ அலெக்ரி நகரத்தில் 1989 முதல் ஜனங்களே கூடி வரவு செலவில் முன்பின் தீர்மானித்தார்கள். கணக்குக் கேட்கிற ஜனங்கள் இருக்கிற இடத்தில் கணக்கு எழுதுகிறவன் கை நடுங்கும்.

நமக்கும் அந்த வழி இல்லாமல் போகவில்லை. கிராமத்துக்குக் கிராமசபை உண்டு. நகரத்துக்கும் வார்டுக் குழு, பகுதி சபை என்று 2022-ல் விதி வந்து, அவ்வருஷம் நவம்பர் 1-ந்தேதி பகுதி சபைகள் கூடின. தகவல் சட்டம் 2005 முதல் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். கேட்க வேண்டியவை நாலைந்து கேள்விகள்தான். நம் வார்டில் சொத்துவரி பாக்கி எவ்வளவு, பெரும் பாக்கிதாரர்கள் யார் யார்? நகரசபைக் கடைகளுக்கு வாடகை எவ்வளவு, பாக்கி எவ்வளவு? நம் தெரு ரோட்டின் எஸ்டிமேட் என்ன, எத்தனை வருஷத்துக்குக் கண்டிராக்டர் பொறுப்பு? துப்புரவுத் தொழிலாளிக்கு நகரசபை கொடுக்கிற கூலி எவ்வளவு, அவர் கைக்கு வருவது எவ்வளவு? ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இவற்றைக் கேளுங்கள். பதில் தெரியாதவரை, தெரிந்துகொண்டு வரும்படி மரியாதையாகத் திருப்பி அனுப்புங்கள். பெண்களுக்கென்று பாதி ஸ்தானம் ஒதுக்கியிருக்கிறது. அங்கே நிற்கிற அம்மையாரிடமே கேளுங்கள். புருஷன் முன்வந்து பதில் சொன்னால், "நாங்கள் உம்மைக் கேட்கவில்லை ஐயா" என்று சொல்லுங்கள்.

இவ்வளவும் இப்போது எழுதக் காரணம் உண்டு. தஞ்சை ஜில்லா உட்பட 28 ஜில்லாக்களின் கிராமப் பஞ்சாயத்துக்களுடைய காலம் 2025 ஜனவரி 5-ந்தேதி முடிந்தது. காலம் முடியுமுன் தேர்தல் நடத்தவில்லை. மறுபடியும் தனி அதிகாரிகளை நியமித்தார்கள். 2016-ல் ஒரு கட்சி ஆட்சியில் நடந்தது, 2025-ல் இன்னொரு கட்சி ஆட்சியிலும் நடந்தது. 2022 மார்ச்சில் பதவியேற்ற நகரசபைகளுக்கும் ஐந்து வருஷக் கணக்கு 2027 மார்ச்சில் முடிகிறது. ஆகவே தேர்தலைக் காலத்தில் நடத்து என்று கேட்பது எந்தக் கட்சிக்கும் விரோதமல்ல; எந்தக் கட்சிக்கும் அதில் விசேஷ விருப்பமும் இல்லை. விருப்பம் இருக்க வேண்டியது நமக்குத்தான்.

தோழர்களே! வரி கொடுக்க அஞ்சாதீர்கள். கொடுத்த வரிக்குக் கணக்குக் கேட்கவும் அஞ்சாதீர்கள். ஓட்டுக்குக் கை நீட்டிப் பணம் வாங்கியவன் அந்தக் கையை நீட்டிக் கணக்குக் கேட்க முடியாது. வாங்காத கை எத்தனை இருக்கிறதோ, அத்தனை கைதான் நகரசபையின் உண்மையான மூலதனம் என்று சொல்லி இதை முடிக்கிறோம்.